ஜூலையில் கியோட்டோ: அப்பாவுக்குத் தேர் பார்க்க வேண்டும், அம்மாவுக்கு வெயில் ஆகாது

உறையூர் வாசகி:

வணக்கம். ஜூலையில் ஜப்பான் போய்வந்தவர்களோ அங்கேயே குடியிருப்பவர்களோ பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

தம்பி ஒசாகாவில் வேலை பார்க்கிறான். செப்டம்பரில் ஊர் திரும்பிவிடுவான். அதற்குள் அப்பாவும் அம்மாவும் ஒருமுறை வந்து பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். எனக்கு விடுப்பு கிடைப்பது ஜூலை 12 முதல் 28 வரைதான். பூப்பூக்கும் காலத்தையும் இலை சிவக்கும் காலத்தையும் விட்டுவிட்டு இந்த மாதத்தில் யாராவது போவார்களா என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டாகிவிட்டது. தயவுசெய்து நீங்களும் கேட்காதீர்கள்.

காரணம் அப்பா. 71 வயது. திருவாரூரில் பிறந்து வளர்ந்தவர். ஆழித்தேர் வீதி திரும்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். கியோட்டோவில் ஜூலை மாதம் நடக்கும் கியோன் திருவிழாவில் தேர் ஓடுவதைத் தம்பி காணொளியில் காட்டிவிட்டான். அன்றிலிருந்து "முட்டுக்கட்டை போடாமல் எப்படித் திருப்புகிறான்?" என்பதுதான் வீட்டில் பேச்சு. அவருக்கு இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டுக்கும் மாத்திரை உண்டு. அம்மாவுக்கு 66. வெயிலில் அரை மணி நேரம் நின்றால் தலைவலி வந்துவிடும், முழங்கால் வலி வேறு. சுத்த சைவம்.

ஊர்வலம் 17, 24 என்று இரண்டு நாள் நடக்கிறதாமே, எது நல்லது? தம்பி வீட்டில் தங்கிக்கொண்டு போய்வந்தால் போதுமா? கட்டண இருக்கை வாங்கலாமா? எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மா தாங்குவார்களா?

வேலூர் வெயிலான்:

திருச்சியில் இருந்துகொண்டு ஜப்பான் வெயிலுக்குப் பயப்படுகிறீர்களே! அங்கே 36, 37 டிகிரி போனாலே தொலைக்காட்சியில் எச்சரிக்கை ஓடுகிறது. நாங்கள் மே மாதத்தில் 42 பார்த்தவர்கள். தாராளமாக 17ஆம் தேதியே போங்கள். அன்றுதான் 23 தேர்கள் வரும். 24ஆம் தேதி 11தான். முன்னால் போகும் நகினாதா போகோ தேரிலிருந்து ஒரு சிறுவன் வாளால் குறுக்குக் கயிற்றை வெட்டி வழி திறப்பதும் 17ஆம் தேதி மட்டுமே. முந்தைய இரவுகளில் தெருவெல்லாம் தின்பண்டக் கடைகள். ஓயிகே வீதியில் கட்டண நாற்காலி போடுகிறார்கள். பெரியவர்களை அதில் உட்கார வைத்துவிட்டால் கவலை இல்லை. அவ்வளவு தூரம் போய்விட்டு இரண்டாம் ஆட்டம் பார்ப்பானேன்?

கமோகரை:

வெயிலான் சாருக்கு முதலில் ஒரு வார்த்தை. மே மாதம் பகல் 12 மணிக்கு உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே இருப்பார்கள்? ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியைச் சுழலவிட்டு, மோர் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். சுற்றுலா வந்தவர்கள் அதே 12 மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தார்ச்சாலையில் நடக்கிறார்கள். 42 டிகிரியை வீட்டுக்குள்ளிருந்து பார்த்த அனுபவத்தை இங்கே செலாவணி ஆக்க முடியாது.

நான் கியோட்டோவாசி. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளம் இந்த ஊர். கடல் காற்று எட்டாது. ஜூலை நடுவில் மழைக்காலம் முடியும் நேரம், காற்றில் ஈரம் அப்படியே நிற்கும். வியர்வை வழியுமே தவிர உலராது. இரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத நாள்கள் வரிசையாக வரும். எச்சரிக்கை விடுவதும் வெப்பமானியை மட்டும் பார்த்து அல்ல. வெப்பம், ஈரப்பதம், தரையும் சுவரும் கக்கும் அனல் மூன்றையும் சேர்த்து ஒரு குறியீடு கணக்கிடுகிறார்கள். அது 31ஐத் தொட்டாலே 'ஆபத்து' வகை. 33ஐ எட்டும் என்று கணித்தால் முதல் நாள் மாலையே எச்சரிக்கை வந்துவிடும். 2015இல் புயல் நெருங்கியபோதும் தேர் ஓட்டிய ஊர் இது. அதே ஊரில் 2018 ஜூலை 24 அன்று, சிறுவர்கள் கலந்துகொள்ளும் பூக்குடை ஊர்வலத்தை வெயிலுக்காக ரத்து செய்தார்கள்.

இனி வாசகியின் கேள்விக்கு வருகிறேன். 24ஆம் தேதி. யோசிக்கவே வேண்டாம்.

15, 16 இரவுகளில் ஷிஜோ வீதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு மக்களை விடுகிறார்கள். தேர்கள் நிற்கும் குறுக்குத் தெருக்களில் ஒருவழி நடைதான். உள்ளே நுழைந்துவிட்டால் திரும்ப முடியாது. கூட்டம் நகர்கிற வேகத்தில் அடுத்த முனைவரை போயே ஆக வேண்டும். முழங்கால் வலி உள்ளவரை அங்கே இழுத்துக்கொண்டு போவது பாவம். 24க்கு முந்தைய இரவுகளில் கடைகளும் இல்லை, அந்த நெரிசலும் இல்லை. விளக்கேற்றிய தேரின் கீழே நின்று நிதானமாக அண்ணாந்து பார்க்கலாம். பழைய வணிகக் குடும்பங்கள் சில வாசல் அறையைத் திறந்து, பாட்டன் காலத்து மடிப்புத் திரைகளைப் பார்வைக்கு வைத்திருக்கும்.

"இரண்டாம் ஆட்டம்" என்றதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 1966 முதல் இரண்டு ஊர்வலங்களையும் 17ஆம் தேதியே சேர்த்து நடத்திவந்தார்கள். 2014இல்தான் 24ஐ மீட்டார்கள். அந்த ஆண்டுதான் கடைசியாக வரும் ஓஃபுனே போகோவும் திரும்பி வந்தது. கப்பல் வடிவத் தேர். 1864இல் நகரமே எரிந்த தீயில் போனது. தகா யாமா என்ற இன்னொன்று 1826இல் பெருமழையில் சேதமாகி நின்றுபோய், 2022இல் மறுபடி ஓடியது. அத்தனை தலைமுறைக்கும் மிஞ்சிய சாமான்களைத் தெருக்காரர்கள் காத்துவைத்திருந்தார்கள். ஆழித்தேரும் 1920களில் எரிந்து மறுபடி கட்டியதுதானே. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், மற்றதை அவரே கேட்பார்.

முட்டுக்கட்டை விவகாரம். தேரின் அச்சு நேராகவே இருக்கும், சக்கரம் தானாகத் திரும்பாது. முனை வந்ததும் பெரிய சக்கரங்களுக்கு முன்னால் மூங்கில் பட்டைகளைப் பரப்பித் தண்ணீரை வாரி இறைப்பார்கள். சக்கரம் அதன்மேல் ஏறி நிற்கும். வடத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றிப் பிடிப்பார்கள். முகப்பில் நிற்பவர்கள் விசிறியை வீசிக் குரல் கொடுத்ததும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுக்க, 12 டன் வரை கனம் உள்ள தேர் மூங்கிலில் வழுக்கிக்கொண்டு நகரும். ஒரே இழுப்பில் முழுத் திருப்பம் வராது. பட்டைகளை மாற்றிப் போட்டுப் போட்டு மூன்று நான்கு முறை இழுக்க வேண்டும். நேர் வீதியில் தேர் ஒரு பக்கமாக ஒதுங்கினால், நீண்ட கைப்பிடி உள்ள மரக்கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்துச் சரிசெய்கிறார்கள். ஆக முட்டுக்கட்டை இருக்கிறது. அப்பாவின் கண்ணில் அது படாமல் போனது காணொளியின் குறை.

அவருக்கு இன்னொரு செய்தி. ஊர்வலத்தன்று நாம் வெறும் பார்வையாளர்கள். ஆனால் 20ஆம் தேதி பிற்பகல் 3 மணி வாக்கில், கட்டி முடித்த பெரிய தேர்களைத் தெருவில் கொஞ்ச தூரம் இழுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் வடம் பிடிக்கலாம். எந்த ஊர், எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் ஊர்வலத்தைவிட இதுதான் அவருக்கான நாள். 18ஆம் தேதியே கட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒரு காலை நேரம் அதற்கும் ஒதுக்குங்கள். சட்டத்தில் ஆணி அடிப்பதில்லை. வைக்கோல் கயிற்றை மூட்டைச் சுற்றி வரிவரியாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றையும் மரச்சுத்தியலால் தட்டி இறுக்குகிறார்கள். கட்டி முடிந்ததும் மரத்தின் மேல் கயிற்றாலேயே ஒரு கோலம் தெரியும். அது அழகுக்காக மட்டும் இல்லை. திருப்பத்தில் தேர் முறுகும்போது கயிறு நெகிழ்ந்து கொடுப்பதால்தான் சட்டம் பிளக்காமல் இருக்கிறது.

நிற்கும் இடம். கட்டண இருக்கை ஓயிகே வீதியில். அகலமான வீதி, நிழல் என்பதே கிடையாது. பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கும் என்று குடையும் விரிக்க விடமாட்டார்கள். அம்மாவை அங்கே உட்காரவைக்காதீர்கள். 24ஆம் தேதி ஊர்வலம் 9.30க்குக் கராசுமா ஓயிகேயில் புறப்பட்டு, கிழக்கே போய், கவராமாச்சி வீதியில் தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குச் சற்றுத் தெற்கே, கவராமாச்சியின் கிழக்கு நடைபாதையில் நில்லுங்கள். காலை வெயில் கிழக்கிலிருந்து வருவதால் கட்டடங்களின் நிழல் அந்தப் பக்கம் விழும். அம்மாவுக்கு முடியவில்லை என்றால் ஓயிகே வீதிக்கு அடியிலேயே குளிரூட்டிய கடைத்தெரு இருக்கிறது, கழிப்பறையும் அங்கேயே. நாலைந்து தேர் பார்த்துவிட்டு அவர் கீழே இறங்கிவிடலாம், அப்பா கப்பல் தேர் வரைக்கும் நிற்கட்டும்.

தங்குவது: 22, 23 இரண்டு இரவும் கியோட்டோவிலேயே, கராசுமா ஓயிகே பக்கம் நடந்து போகும் தூரத்தில் அறை எடுங்கள். ஒசாகாவிலிருந்து ஹான்க்யூ ரயிலில் முக்கால் மணி நேரம்தான், தூரம் பெரிய விஷயமில்லை. பகல் 11 மணிக்கு அம்மா படுப்பதற்கு ஒரு கட்டில் வேண்டும், அதற்குத்தான் அறை. இங்கே பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் 3 மணிக்குத்தான் சாவி தருவார்கள். அன்றன்று வந்து அறை கேட்டால் பகல் முழுவதும் நடுத்தெருவில்தான் இருக்க வேண்டியிருக்கும்.

உறையூர் வாசகி:

கமோகரை அக்கா, மிக்க நன்றி. உங்கள் பதிலை அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மரக்கட்டை இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். 20ஆம் தேதி வடம் பிடிப்பது உறுதி. அன்று தம்பி விடுப்பு எடுக்கிறானாம்.

இன்னும் சில சந்தேகங்கள். தேரின் மேலே ஏற விடுவார்களா? அம்மாவின் சாப்பாட்டுக்கு என்ன வழி? கையோடு அரிசி, கறிவேப்பிலை, கொஞ்சம் மாம்பழம் கொண்டுபோகலாம் என்கிறார்கள். பகலில் அறையில் அடைந்து கிடந்தால் மற்ற கோவில்களை எப்போதுதான் பார்ப்பது? நாடு முழுவதும் செல்லும் ரயில் பாஸ் வாங்கிவிடு என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார், தேவையா?

கோவை மருந்தாளுநர்:

மாத்திரை பற்றி யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். மருத்துவர் சீட்டுள்ள மருந்தை ஒரு மாத அளவு வரை முன் அனுமதி இல்லாமல் ஜப்பானுக்குக் கொண்டுபோகலாம். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள்; சீட்டின் ஆங்கில நகல் கைப்பையில் இருக்கட்டும். நம் வீடுகளில் சளிக்கு வைத்திருக்கும் மாத்திரைகளைக் கவனியுங்கள். சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ளவை அங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம், அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரையில் சிறுநீர் பெருக்கி சேர்ந்திருக்கிறதா என்று புறப்படும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். அந்த வகை மருந்து சாப்பிடுபவர்களுக்கு வெயிலில் நீர்ச்சத்து சீக்கிரம் குறையும். அளவை மாற்றுவதா, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். அங்கே தானியங்கி இயந்திரங்களில் கிடைக்கும் உப்புச்சத்து பானங்களில் சர்க்கரை உண்டு. பாட்டில் பாட்டிலாகக் குடித்தால் சர்க்கரை நோயாளிக்கு அது வேறு தொல்லை. இரண்டு பேருக்கும் பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள நோய்களை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

பேச்சு குழறினாலோ, வியர்வை நின்று உடம்பு கொதித்தாலோ, நடை தள்ளாடினாலோ யோசிக்காமல் 119க்கு அழைக்கவும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் குளிர்ந்த பாட்டிலை வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள்.

வேலூர் வெயிலான்:

என்னைக் கிண்டல் செய்தாயிற்று, சரி. அந்தக் கயிறு வெட்டும் சிறுவனை விட்டுக்கொடுக்க மாட்டேன். அடுத்த முறை பாருங்கள். விசா பற்றி யாரும் சொல்லவில்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு 2024 ஏப்ரலிலிருந்து சுற்றுலாவுக்கு மின்விசாதான். விண்ணப்ப மையத்தில் ஆவணங்களைக் கொடுத்தால் போதும், பாஸ்போர்ட்டில் எதுவும் ஒட்டுவதில்லை. விமான நிலையத்தில் இணைய இணைப்போடு கைப்பேசியில் அந்த விசா பக்கத்தைத் திறந்து காட்ட வேண்டும். அச்சிட்ட தாளோ படம் பிடித்து வைத்ததோ செல்லாது. விசா கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நுழைந்துவிட வேண்டும் என்பதால் மார்ச்சிலேயே அவசரப்பட்டு வாங்கிவைக்காதீர்கள். மே கடைசி, ஜூன் தொடக்கம் சரியாக இருக்கும்.

கமோகரை:

வெயிலான் சார், இந்தத் தகவலுக்காக உங்கள் 42 டிகிரியை மன்னித்துவிட்டேன்.

வாசகி, சில தேர்களில் மேலே ஏறலாம். அந்தத் தெருக்காரர்கள் விற்கும் சிமாக்கி வாங்கினால் ஏற விடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. படி செங்குத்தானது, அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சிலவற்றில் பெண்களை ஏற்றுவதில்லை. வெயிலான் சார் உயிரை விடும் அந்த நகினாதா போகோ அதில் ஒன்று. சிமாக்கி என்பது மூங்கில் இலையில் சுற்றிய பொட்டலம். உள்ளே பலகாரம் இருக்கும் என்று பிரித்துவிடாதீர்கள், நோய் நொடி அண்டாமல் வாசலில் கட்டும் காப்பு அது. இந்தத் திருவிழாவே 869இல் கொள்ளைநோய் பரவியபோது தொடங்கியதுதான்.

தேரைச் சுற்றித் தொங்கும் திரைகளையும் கம்பளங்களையும் விட்டுவிடாதீர்கள். கோய் யாமாவில் 16ஆம் நூற்றாண்டு பெல்ஜியத்துச் சித்திரத் திரை. சில தேர்களில் இருக்கும் கம்பளங்கள் நம் தக்காணத்தில் நெய்தவை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். 23ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது மினாமி கன்னோன் யாமாவின் கன்னோன் சிலையைச் சிறு பல்லக்கில் கட்டி, தெருவை மூன்று முறை ஓட்டமாகச் சுற்றி வருவார்கள். கன்னோன் என்பது அவலோகிதேஸ்வரர்தான். அப்பா விழித்திருந்தால் கூட்டிப்போங்கள்.

பகலில் அடைந்து கிடப்பது பற்றி: இங்கே ஜூலையில் 5 மணிக்கே விடிந்துவிடும். கியோமிசு கோவிலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். ஃபுஷிமி இனாரி எந்நேரமும் திறந்தே இருக்கும். ஊரே காலி, காற்று கொஞ்சம் பரவாயில்லை. 8.30க்கு சஞ்சூசங்கென்தோவுக்குப் போங்கள். 120 மீட்டர் நீள மண்டபம், 1001 கன்னோன் சிலைகள், முன்னால் 28 காவல் தெய்வங்கள். அதில் கருடனும் நாராயணனும் இருக்கிறார்கள். அம்மா தானாகவே கைகூப்பிவிடுவார். 10.30க்கு அறைக்குத் திரும்பிவிடுங்கள். மாலை 4 மணிக்கு மேல் மறுபடி கிளம்பலாம். ஒரு நாள் பகலையும் வெளியே கழிக்க ஆசைப்பட்டால் கிபுனே போங்கள். தெமாச்சியானாகியிலிருந்து எய்சான் ரயில், பிறகு பஸ். மலை ஓடையோரம், ஊரைவிடக் குளிர்ச்சி.

சாப்பாட்டில் நான் சமாதானம் சொல்ல மாட்டேன், கஷ்டம்தான். காய்கறி மட்டும் போட்ட சூப்பிலும் மீன் கருவாட்டுச் சாறு இருக்கும். நூடுல்ஸ் குழம்பிலும் அதே. புத்த மடங்களின் சைவச் சமையல் நம்பகமானது. சாறுக்குக் கடற்பாசியும் காளானும் போடுகிறார்கள். தென்ரியூஜி கோவில் வளாகத்திலேயே அப்படி ஓர் உணவகம் உண்டு. மற்ற வேளைக்குத் தம்பி வீட்டுக் குக்கர்தான் கதி. அரிசி கொண்டுவராதீர்கள், அரிசி, கறிவேப்பிலை, மாம்பழம் எதுவும் தாவர நோயின்மைச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே வராது. அரிசிக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்? புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் போதும். சர்க்கரை சேர்க்காத தயிர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். தாகத்துக்கு வாற்கோதுமைத் தேநீர் கேளுங்கள்: சர்க்கரை கிடையாது, காபியில் உள்ள சமாச்சாரமும் கிடையாது. அப்பாவும் தைரியமாகக் குடிக்கலாம்.

ரயில் பாஸ் வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆகிவிட்டது. ஒசாகாவையும் கியோட்டோவையும் சுற்ற அது தண்டச் செலவு.

ஒசாகா திரும்பிய மறுநாள் 25ஆம் தேதி அங்கே தென்ஜின் திருவிழா. மாலை 6 மணி வாக்கில் நூறு படகுகள் அளவில் ஆற்றில் இறங்கும், இருட்டியதும் வாணவேடிக்கை. ஆற்றங்கரைக்குப் போக வேண்டாம், நெருக்கித் தள்ளிவிடுவார்கள். தம்பியோடு வேலை பார்ப்பவர்களில் யாருக்காவது அந்தப் பக்கம் மாடி வீடு இருக்கிறதா என்று இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.